கத்தி தீட்டும் கல்லின் ஜாதகம்

தன் வீட்டுக்குப் பின்னால் நாற்பது அடிக்கு ஒரு கான் வெட்ட வேண்டும் என்பதைத் தவிர மாயாண்டிக்கு இந்த உலகத்தில் வேறு பேராசை எதுவும் இருக்கவில்லை. காணி கேட்கவில்லை. தனி வீடு கேட்கவில்லை. சம்பள உயர்வு கேட்டுக் கேட்டு வாய் வலித்து அதையும் விட்டுவிட்டார். மழைத் தண்ணீர் லயத்தின் தலையில் இறங்காமல் பக்கத்து ஓடையில் போய் விழ ஒரு கான், அவ்வளவுதான். மண்வெட்டி அவரிடமே இருந்தது. இல்லாதது அனுமதி ஒன்றுதான். அதைத் தர வேண்டியவர்களோ பண்டைய பாபிலோனியாவில் வேலையாக இருந்தார்கள்.

கந்தப்பளைக்கு மேலே ஊசிப்பாறைத் தோட்டம். அதன் மேல்லயம் என்ற தொழிலாளர் வரிசைவீட்டில் ஆறு காம்பராக்கள், கடைசிக் காம்பரா மாயாண்டியுடையது. வைகாசி மழையில் லயத்துக்குப் பின்னால் மலை நீளவாக்கில் வெடித்தது. மண்சரிவு பார்க்க வந்த ஆபீசர் நல்ல மனிதர். விரிசலுக்குள் கையை விட்டார், முழங்கை வரை போனது. கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, "இதுக்குள்ள தண்ணி எறங்கினா மலை லயத்து மேல வந்து ஒக்காந்துரும். மேல ஒரு கான் வெட்டித் தண்ணியத் திருப்பி விடுங்க. ஐப்பசி மழைக்கு முந்தி வெட்டிரணும்" என்றார். தானே கம்பு நட்டு வழியும் காட்டிவிட்டுப் போனார்.

மற்றவர்களைவிட மாயாண்டிக்கு அவசரம் அதிகம். அவர் மனைவி நாகலெட்சுமி கொழுந்து மலையில் சறுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டோடு கிடந்தாள். மலை வந்தால் மற்றவர்கள் ஓடுவார்கள். அவள் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

ஆபீசர் போன மறுநாளே அவரும் பக்கத்துக் காம்பராக் கிறிஸ்டியனும் வெட்டத் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. பூதம் கழுத்துப் பட்டியும் கைத்தடியுமாக, காலை நடைக்கு வந்த கோலத்தில் இருந்தது.

பேராசிரியர் சிவசாமிதான் அது. பண்டைய உலகச் சோதிட உயராய்வுப் பேரவையின் தலைவர். ஆள் இல்லாமல் கிடந்த சின்னத்தொரை பங்களாவைப் பேரவை போன வருடம் குத்தகைக்கு எடுத்திருந்தது. பண்டைய மக்கள் வானத்தைப் பார்த்து என்னென்ன வரப்போகிறது என்று எப்படி அறிந்தார்கள் என்பதை ஆராய்வது பேரவையின் நோக்கம். குளிர் ஆராய்ச்சிக்கு நல்லதாம்.

"நில்லுங்கள்!" என்று கத்தினார் பேராசிரியர். "நீங்கள் எதன் மீது துப்பினீர்கள் தெரியுமா?"

மாயாண்டி பயந்து பார்த்தார். "கல்லு மேலங்க சார்."

அது கவ்வாத்துக்காரர்கள் கத்தி தீட்டும் கல். ஆட்டுக்கல் மாதிரி வட்டமாக, இடுப்பளவுக்கு மண்ணில் புதைந்து கிடக்கும். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் கூட்டத்தில் முன்பு பன்னிரண்டு பேர் இருந்தார்கள். வேலைக்கு இறங்குமுன் கல்லைச் சுற்றிக் குந்தி, எச்சில் தொட்டுக் கத்தி தீட்டுவார்கள். ஒவ்வொருவனுக்கும் கல்லில் ஒரு தடம். ஒருவன் தடத்தில் இன்னொருவன் கத்தி வைக்க மாட்டான், வைத்தால் கூர் நிற்காது என்பது அவர்கள் கணக்கு. ஒரு மலை வெட்டி முடிந்ததும் தன் தடத்துக்குப் பக்கத்தில் கத்தி நுனியால் ஒரு சின்னக் கீறல் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். பதினோராவது தடம் மாயாண்டியுடையது. அதன் பக்கத்தில் ஐந்து கீறல்கள்.

பேராசிரியர் கல்லை மூன்று முறை சுற்றி வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பன்னிரண்டு வீடுகள்," என்றார் குரல் நடுங்க. "பன்னிரண்டு!"

"இல்லீங்க சார். ஆறு காம்பராதான்," என்றார் கிறிஸ்டியன்.

அன்று பின்னேரமே மஞ்சள் நாடா வந்தது. கானுக்கு நட்ட கம்புகளைப் பிடுங்கிக் கல்லைச் சுற்றி நட்டு அந்த நாடாவைக் கட்டினார்கள். இரண்டு பக்கமும் பாறை, நடுவில் மண் இருக்கும் ஒரே இடைவெளி கல்லை ஒட்டித்தான் இருந்தது. கான் பன்னிரண்டு அடியோடு நின்றது.

ஆனி மாதத்துக்குள் பேரவை ஒரு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டுவிட்டது. கல்லில் இருப்பது கிரேக்க முறைப்படி அமைந்த ஒரு பண்டைய ஜாதகம். தடங்கள் வீடுகள், கீறல்கள் கிரகங்கள். கிரகங்களின் நிலையைக் கணித்ததில் ஜாதகர் பிறந்தது கிறிஸ்துவுக்கு முன் நூற்று அறுபத்து நான்காம் ஆண்டு, ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கீறல்கள் கிரகங்களைவிட முப்பத்தொன்று கூடுதலாக இருந்ததால், இன்றைய விஞ்ஞானத்துக்குத் தெரியாத முப்பத்தொரு கிரகங்களைப் பண்டையோர் அறிந்திருந்தார்கள் என்பதும் அதே கட்டுரையில் நிறுவப்பட்டது.

மாயாண்டி ஒரு நாள் பேரும் அதன் கூலியும் போனாலும் பரவாயில்லை என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பங்களாவுக்குப் போனார். ஆய்வு அலுவலர் தனுஜா, கொழும்பிலிருந்து வந்த இளம்பெண், மரியாதையாக உட்காரச் சொன்னாள். அதுவே அவருக்குப் பாதிக் கான் வெட்டின மாதிரி இருந்தது.

"மிஸ், அந்தக் கல்லுல உள்ளது பூரா நாங்க கத்தி தீட்டினதுங்க. பதினோராவது என்னோட தடம். அத நம்பி கானை நிப்பாட்டிப்புட்டாங்க."

தனுஜா பேனையை எடுத்தாள். "எந்த நூற்றாண்டுல தீட்டினீங்க?"

"போன கவ்வாத்துக்குங்க மிஸ். ரெண்டு வருசம் இருக்கும்."

அவள் படிவத்தைப் புரட்டினாள். முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "இதுல கிறிஸ்துவுக்குப் பின் ஐந்நூறு வரைக்கும்தான் இருக்கு, ஐயா. அதோட, செஞ்சவர் உயிரோட இருந்தா நாங்க அதைச் சான்றா எடுக்கிறதில்லை."

"அப்ப நான் செத்தா எடுப்பீங்களா மிஸ்?"

"அப்பவும் உடனே எடுக்க ஏலாது. கொஞ்சக் காலம் போகணும்."

மாயாண்டி தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் போனார். வேறு லயத்தில் ஒரு காம்பராவாவது தரும்படி கெஞ்சினார். கண்டாக்கையா ஆபீசரின் ரிப்போர்ட்டை எடுத்து விரல் வைத்து வாசித்தார். "கான் வெட்டினா ஆபத்து இல்லைன்னு எழுதியிருக்கு. ஆபத்து இல்லாத எடத்துல இருந்து ஆள மாத்த தோட்டத்துக்கு அதிகாரம் இல்ல."

"கான்தான் வெட்ட விடமாட்டேங்கிறாங்களே, ஐயா."

"அது பங்களா விசயம். நான் அதுல தலையிட முடியாது, மாயாண்டி."

எதையும் வாயால் சொன்னால் எடுபடாது, செய்து காட்டிவிடுவோம் என்று கிறிஸ்டியன் யோசனை சொன்னார். நல்ல யோசனை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த வாரம் பேரவை அறிஞர்கள் எட்டுப் பேர் முன்னிலையில் மாயாண்டி தன் கவ்வாத்துக் கத்தியோடு நாடாவுக்குள் போனார். பதினோராவது தடத்தின் முன் குந்தினார். கத்தியை வைத்தார். சட்டைக்குப் பொத்தான் போல அது தடத்தில் பொருந்தியது. எச்சில் தொட்டு நாலு இழுப்பு இழுத்துக் காட்டிவிட்டு நிமிர்ந்தார். பிறகு பக்கத்துத் தடத்தில் வைத்துக் காட்டினார், பொருந்தவில்லை.

அறிஞர்கள் கை தட்டினார்கள். ஒருவர் அழுதே விட்டார்.

"இரண்டாயிரம் வருடம்!" என்றார் பேராசிரியர். "தன் லக்கினத்தில் ஆயுதம் வைத்து வணங்கும் சடங்கு அப்படியே உயிரோடு இருக்கிறது. உமிழ்நீர் தொடுவதைக் கவனித்தீர்களா? அது சந்திரனுக்கு உரிய அர்ப்பணம். தாங்கள் செய்வது என்னவென்று அறியாமலே இவர்கள் செய்து வந்திருக்கிறார்கள்."

"அறிஞ்சுதாங்க சார் செஞ்சோம்," என்றார் மாயாண்டி. "கத்தி மழுங்கிப் போச்சு, தீட்டினோம்."

"பார்த்தீர்களா?" பேராசிரியர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "உண்மைக் காரணம் மறந்து போய்விட்டது."

கத்தியை அவர்கள் திருப்பித் தரவில்லை. அதற்குக் காட்சிப் பொருள் இலக்கம் நான்கு என்று சீட்டு ஒட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். நாடாவையும் இன்னும் இருபது அடி தள்ளிக் கட்டினார்கள். இப்போது விரிசலே நாடாவுக்குள் போய்விட்டது. அதில் மண் போட்டு அடைப்பதும் குற்றமானது. உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணா என்று நின்றார் மாயாண்டி.

போகும்போது பேராசிரியரின் பின்னாலேயே போய், கை கட்டிக்கொண்டு கேட்டார். "சார், நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க. வானத்தப் பாத்து நடக்கப்போறதச் சொல்றதப் பத்திப் படிச்சிருக்கீங்க. இந்த மலை விழுமா விழாதா, அத மட்டும் சொல்லுங்க சார். வீட்டுல ஏந்திரிக்க முடியாத மனுசி கெடக்கு."

பேராசிரியரின் முகம் சிவந்தது. "நாங்கள் சோதிடம் சொல்பவர்கள் அல்ல, ஐயா. சோதிடத்தை ஆய்பவர்கள். நினிவே நகரம் எப்போது விழும் என்று அந்தக் காலத்தில் கணித்தவர்களைப் பற்றி என்னிடம் கேளுங்கள், ஆதாரத்தோடு சொல்கிறேன். ஏற்கனவே விழுந்ததைப் பற்றித்தான் ஒரு ஆய்வாளன் பொறுப்போடு பேச முடியும்."

புரட்டாசியில் பங்களாவில் பெரிய ஆய்வரங்கம் நடந்தது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். உயிருள்ள சடங்கு என்ற வகையில் மாயாண்டியையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டிய கூட்டம் பத்தரை மணிக்குத்தான் தொடங்கியது. பேரவை அறிவியல் நோக்குடைய நிறுவனம், மூடநம்பிக்கைக்கு இடமில்லை என்று அறிவித்துவிட்டு, ராகுகாலம் கழியும்வரை எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார்கள்.

பேராசிரியர் அன்று பேசியது அசீரிய மன்னர்களைப் பற்றி. "அவர்களுடைய நிர்வாகத் திறமையைப் பாருங்கள். கிரகணம் வருகிறது, மன்னனுக்கு ஆபத்து என்று அறிஞர்கள் அறிவிப்பார்கள். உடனே ஒரு சாதாரண மனிதனைப் பிடித்து வந்து சிம்மாசனத்தில் உட்கார வைப்பார்கள். மன்னன் ஒதுங்கி இருப்பான். வர வேண்டிய கேடு அந்தச் சாதாரண மனிதனுக்கு வந்து சேரும். அரசு தப்பிக்கும். அறிஞர்கள் தம் பதவியில் தொடர்வார்கள். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு!"

மாயாண்டி எழுந்து நின்றார். "கேடு வரலைன்னா அந்த ஆளு வீட்டுக்குப் போயிருவாருங்களா சார்?"

"இல்லை. நாள் முடிந்ததும் கொன்றுவிடுவார்கள்," என்றார் பேராசிரியர். "நல்ல கேள்வி. உட்காருங்கள்."

பின்னேரம் கானைப் பற்றிய அமர்வு. அதில் அறிஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். வலமாக எண்ணினால் மாயாண்டியின் தடம் பதினோராம் இடம், லாபஸ்தானம். இடமாக எண்ணினால் மூன்றாம் இடம். மூன்றாவதாக ஒரு இளைஞர் எழுந்து, நடுவிலிருந்து எண்ண வேண்டும், அப்படி எண்ணினால் அது எட்டாம் இடம், மரணத்துக்குரியது என்றார். மூன்று மணி நேரம் சண்டை. எப்படி எண்ணினாலும் தோண்டக்கூடாது என்பதில் மட்டும் மூன்று கட்சிக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. கானைப் பற்றி ஆராய ஐவர் கொண்ட உபகுழு நியமிக்கப்பட்டது. அது தையில் கூடும்.

அன்று வீட்டுக்கு வந்து மாயாண்டி எல்லாவற்றையும் சொன்னார். நாகலெட்சுமி கட்டிலில் படுத்தபடி கேட்டாள். சுவரில் கூரையிலிருந்து தரை வரைக்கும் புதிதாக ஒரு கீறு ஓடியிருந்தது.

"அந்த ராசாவுக்குக் கேடுன்னா வானத்துல தெரிஞ்சுச்சாம்," என்றாள். "நமக்குச் செவுத்துலயே தெரியுது. பாத்துச் சொல்லத்தான் ஒரு நாதி இல்ல."

"ஒன்ன நோட்டன் பிரிட்ஜ்ல உள்ள தங்கச்சி வீட்டுல கொண்டுபோய் விட்டுர்றேன்."

"அங்க ஒரே காம்பராவுல ஏழு பேரு. இந்தக் கட்டோட நான் எங்க படுக்க? அடுப்புலயா?" பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சரி. ஞாயித்துக்கெழம கூட்டிக்கிட்டுப் போங்க."

மழை ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கவில்லை. புதன்கிழமை பிடித்தது, வியாழன் முழுவதும் கொட்டியது. மாயாண்டி நாடாவுக்குள் போய் விரிசலின் மேல் றப்பர் சீற்றைப் போட்டுக் கல் வைத்தார். காவல்காரர் வந்து கல்லையும் சீற்றையும் அப்புறப்படுத்தினார். அவரும் பாவம், அவர் வேலை அது. மாயாண்டி பங்களாவுக்கு ஓடினார். பேராசிரியர் உறங்குவதாகச் சொன்னார்கள். வாசலில் நின்று, கூச்சத்தை விட்டு, வாய்விட்டு அழுதார். தனுஜா குடை கொண்டுவந்து கொடுத்தாள். அவளால் கொடுக்க முடிந்தது அதுதான்.

வெள்ளிக்கிழமை மழை சற்றுக் குறைந்தது. வேலைக்கு வராவிட்டால் பேர் இல்லை என்று கண்டாக்கையா சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாகலெட்சுமியை ஏற்றிப் போகும் வான் வண்டியின் கூலிக்கு அந்தப் பேர் வேண்டும். இரவல் கத்தியோடு மலைக்குப் போன மாயாண்டி, பத்து மணி போல, லொறியிலிருந்து கல் கொட்டுவது மாதிரி ஒரு சத்தம் கேட்டார். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினார். வழியில் இரண்டு தரம் விழுந்தார்.

லயத்தில் நான்கு காம்பராக்கள் இருந்தன. கிறிஸ்டியனுடையதும் அவருடையதும் இருந்த இடத்தில் சிவப்பு மண். கிறிஸ்டியன் வீட்டார் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருந்தார்கள். மாயாண்டியின் கூரைத் தகரத்தில் ஒரு முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"லெச்சுமி!" என்று கத்தினார். மண்ணுக்கு மேல் மழைதான் சத்தம் போட்டது.

கொழுந்து மலையிலிருந்தும் கவ்வாத்து மலையிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். அதற்குள் காவல்காரரும் தனுஜாவும் வந்து சேர்ந்தார்கள். இடையில் வந்து நின்ற தனுஜா கொப்பியைத் திறந்து, "ஆய்வு எல்லையிலிருந்து இடம் பெயர்ந்த மண்ணும் ஆய்வு எல்லையாகவே கருதப்படும்" என்று பேரவை விதிகளின் மூன்றாம் பிரிவை வாசிக்கத் தொடங்கினாள். அது அவளுக்கு மனப்பாடமாகிவிட்டிருந்தது. பாதியில் அவள் குரல் நின்றது. கொப்பியைச் சேற்றில் போட்டுவிட்டு முழந்தாளிட்டு இரண்டு கையாலும் மண்ணை அள்ளத் தொடங்கினாள். காவல்காரர் எங்கிருந்தோ ஒரு அலவாங்கு கொண்டுவந்தார்.

மண்வெட்டி பட்டுவிடுமோ என்று பயந்து மாயாண்டி கையாலேயே தோண்டினார். நகம் பிய்ந்ததை அவர் அறியவில்லை. ஒரு மணி நேரம் போனது. கிறிஸ்டியன் வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே தோண்டினார். பிறகு கதவுப் பலகை தட்டுப்பட்டது. கதவு கட்டிலின் மேல் சாய்ந்து விழுந்து ஒரு கையளவு இடம் விட்டிருந்தது. அந்த இடத்தில் நாகலெட்சுமியின் முகம். மாவுக்கட்டு தூள் தூளாகியிருந்தது. கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கண் மூடியிருந்தது. வாயிலிருந்து மண்ணைத் தோண்டி எடுத்துக் கிறிஸ்டியன் முதுகில் தட்ட, அவள் இருமினாள். மாயாண்டி அவளைக் கட்டிக்கொண்டு மாடு மாதிரிக் கதறினார்.

பேராசிரியர் அப்போதுதான் குடையோடு வந்தார். சரிவைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். அவர் முகத்திலும் இரக்கம் இருந்தது, அதை மறுக்க முடியாது. கதவுப் பலகையில் நாகலெட்சுமியைக் கிடத்தி நான்கு பேர் தூக்கும்போது அவர் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிடம். மிகவும் வருந்துகிறேன். ஆனால் இனி இது அழிந்துபோன ஒரு குடியிருப்பு. எங்கள் வரம்புக்குள் முழுமையாக வந்துவிட்டது. தடயங்கள் கலைந்துபோகும் முன் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அம்மா எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தார்?"

மாயாண்டி பலகையின் ஒரு முனையைத் தோளில் வைத்திருந்தார்.

"எறங்கி நின்னு பாருங்க சார்," என்றார். "ஒங்க கழுத்து வரைக்கும் வரும்."

அவர்கள் ரோட்டை நோக்கி இறங்கினார்கள். தனுஜா கட்டின் உடைந்த பகுதியை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு கூடவே போனாள். பேராசிரியர் குழிக்குள் இறங்கவில்லை. கொப்பி சேற்றில் கிடந்ததால், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, 'சுமார் ஐந்தடி' என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.